அத்திரிபாச்சா கணக்கு

உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாத மாதிரி இன்னொரு தடவை கேளுங்கள்.

புது மாப்பிள்ளை ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போனான். ஒரு பலகாரம் கொடுத்தார்கள். ருசியில் சொக்கிப்போய், ‘இதுக்கு என்ன பேரு?’ என்று கேட்டான். ‘கொழுக்கட்டை’ என்றார்கள். ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியைச் செய்யச் சொல்ல வேண்டுமே, பேர் மறந்துவிடக் கூடாதே என்று வழி நெடுக ‘கொழுக்கட்டை... கொழுக்கட்டை...’ என்று சொல்லிக்கொண்டே நடந்தான். நடுவில் ஒரு வாய்க்கால். ‘அத்திரிபாச்சா!’ என்று ஒரே தாவு. தாவிய வேகத்தில் கொழுக்கட்டை மறந்துபோச்சு. அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தவன், ‘அத்திரிபாச்சா பண்ணு’ என்றான். ‘அப்படி ஒரு பலகாரமே கிடையாதே’ என்றாள் அவள். ‘உங்க அம்மா பண்ணினாங்களே, உனக்குத் தெரியாதா?’ என்று கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கிழவி, ‘அடப்பாவி, புள்ள கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சேடா!’ என்றாள். ‘ஆங்... அதேதான்! கொழுக்கட்டை!’ என்று குதித்தான் மாப்பிள்ளை.

கதை முடிந்தது. எல்லோரும் சிரிக்க வேண்டியது.

திருவையாறு பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் இருக்கிறது எங்கள் ஊர். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லும்போது, வாய்க்கால் வரும் இடத்தில் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு குதி குதிப்போம். ‘வீங்கிப்போச்சேடா’ என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்போம். நாற்பது வயசு தாண்டுகிற வரைக்கும் எனக்கு ஒரு கேள்வி தோன்றவே இல்லை. அதற்கப்புறம் அந்தப் பெண் என்ன செய்தாள்?

வீங்கின கன்னத்தோடு போய், மாவு பிசைந்து, கொழுக்கட்டை பண்ணிக் கொடுத்திருப்பாள். வேறென்ன?

இதை எனக்குத் தோன்ற வைத்தது போன வருஷத்துப் பிள்ளையார் சதுர்த்தி. அம்மாவுக்கு 71 வயசு. சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம், ‘இந்த வருஷம் கடையில சொல்லியிருக்கேம்ப்பா. இருபத்தியோரு கொழுக்கட்டை காலையில வந்துரும்’ என்றார். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன். ‘என்னம்மா இது? கடையில வாங்குனதையா பிள்ளையாருக்கு வைக்கிறது? நீ பண்ற மாதிரி வருமா?’

அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கொல்லைப் பக்கம் அரிசி களைகிற சத்தம் கேட்டது.

பாராட்டித்தானே சொன்னேன், இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் சமையல்கட்டில் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். வலது கை விரல்கள் மடங்க மறுக்கின்றன. இடது கையால் வலது கை விரல்களை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டு, சொப்பு பண்ணிக்கொண்டிருந்தார்.

கொழுக்கட்டையைச் சாப்பிட்டு மட்டுமே பழக்கப்பட்டவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலாக உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் அரைத்து, சலிக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது உப்பும் நல்லெண்ணெயும் விட்டு, மாவைக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். கை பொறுக்கிற சூட்டிலேயே பிசைய வேண்டும். ஆறிப்போனால் சொப்பு வெடிக்கும். அப்புறம் ஒவ்வோர் உருண்டையாக எடுத்து, விரல் நுனியால் கிண்ணம் மாதிரி மெல்லிசாக்கி, பூரணத்தை வைத்து மூட வேண்டும். தேங்காய், வெல்லம், ஏலக்காய் ஒரு பூரணம். உளுந்து ஊறவைத்து அரைத்து, வேகவைத்து, தாளித்து உதிர்த்தது இன்னொரு பூரணம். மிஞ்சிய மாவில் அம்மிணிக் கொழுக்கட்டை. எல்லாம் முடிந்து இட்லிப் பானை ஆவியில் வெந்து வெளியே வர அரை நாள் ஆகிவிடும். நாங்கள் சாப்பிட்டு முடிக்கப் பத்து நிமிஷம்.

அன்றைக்கு நான் கேட்டதும் ஓர் அத்திரிபாச்சாதான். அறை மட்டும் விழவில்லை.

நான் படித்தது பி.காம். எல்லாவற்றையும் கணக்காகப் பார்க்கிற வியாதி அங்கேயே ஒட்டிக்கொண்டது. முதல் வருஷம், முதல் பாடத்தில் மனப்பாடம் பண்ண வைத்த விதி ஒன்று உண்டு. பெறுகிறவர் பேரில் பற்று எழுது, கொடுக்கிறவர் பேரில் வரவு எழுது. உலகத்திலுள்ள அத்தனை வியாபாரமும் இந்த விதியில் அடங்கும். அடங்காத ஒரே இடம் வீட்டுச் சமையல்கட்டு. அங்கே பெறுகிறவர் பேரில் பற்றும் கிடையாது, கொடுக்கிறவர் பேரில் வரவும் கிடையாது. புத்தகமே கிடையாது.

ஆர்தர் பிகு என்று ஓர் ஆங்கிலேயப் பொருளாதார நிபுணர். 1920ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கையைச் சொன்னார். ஒருவர் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணையே கல்யாணம் பண்ணிக்கொண்டால், நாட்டு வருமானம் குறைந்துவிடும்! நேற்று வரை சம்பளத்துக்குச் செய்த அதே வேலைதான், அதே அடுப்புதான், அதே கைதான். தாலி ஏறியதும் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது.

நம் நாட்டில் இதற்கும் கணக்கெடுத்திருக்கிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் செலவழித்தது 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வேலை செய்த ஆண்களின் சராசரிதான். ஏறக்குறைய நாலில் ஓர் ஆண்தான் அந்தக் கணக்கிலேயே வருகிறார். 2024ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. கழித்துப் பாருங்கள். 202 நிமிஷமாக இருந்த இடைவெளி அஞ்சு வருஷத்தில் 201 ஆகியிருக்கிறது. ஒரு நிமிஷம் குறைத்திருக்கிறோம். பெரிய சாதனை!

‘ஆம்பளைக்குச் சொப்பு பண்ண வராதுங்க’ என்பார்கள் சிலர். திருச்சி மலைக்கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். சதுர்த்திக்கு 150 கிலோ கொழுக்கட்டை. மேலே உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோ, கீழே மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ. மடப்பள்ளியில் அதைச் செய்வது ஆண்கள்தான். ஆக, வராது என்பதில்லை. கோயிலில் வருகிறது, கல்யாண மண்டபத்தில் வருகிறது, ஹோட்டலில் வருகிறது. சம்பளம் இல்லாத இடத்தில் மட்டும்தான் வராமல் போகிறது.

இந்த இடத்தில் ஒரு குரல் கேட்கும். ‘என்ன சார், அம்மா கைச் சாப்பாட்டுக்கு பில் போடுவீங்களா? அன்புக்கு விலை உண்டா?’

நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்க மாட்டேன். சதுர்த்தி அன்றைக்கு ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை அம்மா கையில் கொடுத்து, ‘இந்தா கூலி’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேறு கிடையாது. கொழுக்கட்டை மூடும்போது அவர் மனசில் இருந்தது கூலி இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பேத்திக்குத் தேங்காய்ப் பூரணம் பிடிக்கும், எனக்கு உளுந்து பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பண்ணுகிற மனசு அது. அதை ரூபாயில் எழுத முடியாது.

ஆனால் ‘அன்புக்கு விலை இல்லை’ என்ற வாசகத்தைப் பெரும்பாலும் யார் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சாப்பிடுகிறவர்கள்தான். மாவு பிசைகிறவர்கள் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவனே, ‘இது கடனே இல்லீங்க, பாசம்’ என்று சொன்னால் எந்தக் கணக்குப்பிள்ளையும் கொஞ்சம் சந்தேகப்படுவான்.

அப்படியானால், கொடுக்கப்படுவது அன்பா, வரியா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? ரொம்ப நாள் யோசித்து ஒரு சோதனைக்கு வந்திருக்கிறேன். ‘இந்த வருஷம் முடியல’ என்று அவர்களால் சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகும் வீட்டில் முகம் சுளிக்காமல், ‘சரிம்மா, விடு’ என்று சொல்ல ஆள் இருக்கிறதா? இருந்தால், மற்ற வருஷங்களில் அவர்கள் கொடுத்தது அன்பளிப்பு. மறுக்க வழியே இல்லாமல் கொடுத்தது அன்பளிப்பு ஆகாது. அன்போடு கட்டின வரி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அம்மா மறுத்துத்தான் பார்த்தார். கடையில் சொல்லியிருக்கேன் என்றது அதுதான். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே வரி போட்டேன்.

எங்கள் தெருவுக்கு மதுரைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த சித்தி ஒருவர் இருந்தார். ‘அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி’ என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை ராத்திரி ஔவையார் நோன்பு கும்பிடுவார். தெற்கத்திச் சீமையில் இது பழக்கமான நோன்பு. அன்றைக்கு வீட்டில் ஆண்வாடையே கூடாது. பொடிப்பயல்களைக்கூடத் துரத்திவிடுவார்கள். நானும் சித்தி மகனும் பிள்ளையார் கோயில் திண்ணையில் போய்ப் படுத்துக்கொள்வோம். உள்ளே பெண்கள் உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லி, விடிவதற்குள் தின்று தீர்த்துவிடுவார்கள். ஆண்கள் ஒரு துண்டுகூடப் பார்க்கக் கூடாது.

அப்போது எங்களுக்கு ஒரே ஆத்திரமாக இருக்கும். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த நோன்பின் சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் அது, அவர்கள் செய்ததை அவர்களே, சூடாக, உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிட்ட ராத்திரி. ‘உப்பு இல்லை’ என்று குறை சொல்ல எதிரே ஆள் இல்லாத ராத்திரி. வருஷத்தில் அப்படி ஒரு ராத்திரி கிடைக்க, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டியிருந்தது, பாருங்கள்.

இதெல்லாம் நம் ஊர்ப் பிரச்னை மட்டும்தானா? அண்ணன் மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஹூண்டாய் 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததற்குப் பிறகு, அந்தப் பக்கமெல்லாம் கொரியச் சாப்பாட்டுக் கடை, கொரிய மளிகைக் கடை வந்துவிட்டது. பொங்கலுக்கு வந்தவள், ஐஸ் பெட்டியில் ஒரு பாக்கெட் கொண்டுவந்தாள். கோதுமை மாவுத் தோலுக்குள்ளே காய்கறியும் சோயாக் கட்டியும் வைத்து மூடினது. இட்லிப் பானையில் ஆவி காட்டியதும் அசல் நம்ம சோமாசு வடிவத்துக் கொழுக்கட்டை!

‘இதுக்குப் பேரு மண்டு, பாட்டி’ என்றாள்.

‘மண்டுவா?’ என்ற அம்மா, என்னையும் அண்ணனையும் ஒரு தரம் பார்த்தார். ‘அதுதான் வீட்டுலயே ரெண்டு இருக்கே!’

கொரியாவில் கோதுமை அதிகம் விளையாத காலத்தில் மண்டு பண்டிகைச் சாப்பாடு, பெரிய வீட்டுச் சாப்பாடு. 1950லிருந்து 1953 வரை நடந்த போருக்குப் பிறகு அமெரிக்க கோதுமை வந்து இறங்கியது. 1960களில் அரிசியை மிச்சம் பிடிக்க, ‘கோதுமை சாப்பிடுங்கள்’ என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. மண்டு தெருக்கடைக்கு வந்தது. பிறகு உறைய வைத்த பாக்கெட்டாக வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வந்தது. அவித்தால் ஒன்று, வறுத்தால் ஒன்று, சூப்பில் போட்டால் ஒன்று என்று இன்று அங்கே பசித்த நேரத்துச் சாப்பாடு அது. ‘ஓல்ட் பாய்’ என்று 2003ல் வந்த கொரியப் படத்தில், 15 வருஷம் அடைத்து வைக்கப்பட்ட ஒருவனுக்குத் தினமும் வறுத்த மண்டுதான் சாப்பாடு. வெளியே வந்ததும் கடை கடையாக ஏறி மண்டு தின்று பார்த்து, எந்தக் கடையிலிருந்து வந்தது என்று நாக்காலேயே கண்டுபிடிப்பான். எனக்கு நம்ம மாப்பிள்ளை ஞாபகம் வந்தான். அவன் நாக்குக்கு ருசி தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த கை தெரியவில்லை. இவன் ருசியைப் பிடித்துக்கொண்டே கை வரைக்கும் போகிறான்.

அங்கேயும் பண்டிகை என்றால் பெண்களுக்குத்தான் பாடு. இலையுதிர்கால அறுவடைப் பண்டிகையான சூசோக்குக்கு, அரிசி மாவில் பூரணம் வைத்து, பைன் இலை பரப்பி ஆவியில் வேகவைக்கிற சோங்பியோன் உண்டு. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. முன்னோர் படையலுக்கு இதோடு வகை வகையாக எண்ணெயில் பொரித்தும் அடுக்க வேண்டும். மருமகள்களுக்கு முதுகுவலி, தலைவலி, மனசு வலி எல்லாம் சேர்ந்து வருவதற்கு ‘பண்டிகை நோய்’ என்று அந்த மொழியில் ஒரு பேரே இருக்கிறது.

2022 செப்டம்பரில் ஒரு காரியம் நடந்தது. கன்பூசிய மரபைக் காக்கிற சுங்யுன்குவான் என்ற பழம்பெரும் அமைப்பு, படையல் இப்படி இருந்தால் போதும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. ஒன்பது வகைக்கு மேல் தேவையில்லை. எண்ணெயில் பொரிப்பதெல்லாம் அவசியமே இல்லை. சாஸ்திரத்தைக் காக்கிறவர்களே, ‘இவ்வளவு சிரமப்படுங்கள் என்று சாஸ்திரம் சொல்லவில்லை’ என்று சொல்ல வேண்டி வந்தது. முன்னோர்கள் கேட்கவில்லை. பிள்ளையாரும் கேட்டிருக்க மாட்டார். கேட்டது நான்.

நம் ஊரிலும் புத்தகம் திறக்க ஆரம்பித்திருக்கிறது. 2023 ஜூனில் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தானாலும், வீட்டைக் கட்டிக் காத்த மனைவிக்கும் அதில் சம பங்கு உண்டு என்று சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் தமிழக அரசு மாசம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு வைத்த பேர் உதவித் தொகை இல்லை, உரிமைத் தொகை. ஆயிரம் ரூபாய் பெரிய பணமா என்று வாதாடலாம். ஆனால் பேரில் ஒரு பற்று எழுதப்பட்டிருக்கிறது. உதவி என்றால் வாங்குகிறவர் கடன்காரர். உரிமை என்றால் கொடுக்கிறவர் கடன்காரர்.

‘அப்போ எல்லாத்தையும் கடையில வாங்கிட்டா, கைப்பக்குவம் அழிஞ்சு போயிடாதா?’ என்று கேட்பீர்கள். கடைக் கொழுக்கட்டையும் கையால் செய்ததுதானே? அந்தக் கைக்குப் பேர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து வந்து சொப்பு பண்ணுகிற ஒரு பெண் அந்தக் கடைக்குப் பின்னால் இருப்பார். அவருக்குக் கூலி உண்டு. போதுமான கூலியா என்பது அடுத்த கேள்வி. ஒன்று இருபது ரூபாயா என்று பேரம் பேசும்போது அந்தக் கையையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பக்குவம் அழியக் கூடாது என்றால் அதற்கு ஒரே வழிதான். இன்னும் நாலு கை பழக வேண்டும். எழுபது வயசுக் கை ஒன்றையே தேய்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பக்குவமும் தங்காது.

போன சங்கடஹர சதுர்த்திக்கு நான் போய் உட்கார்ந்தேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போச்சு. முதல் சொப்பு வெடித்தது. ரெண்டாவது அடை மாதிரி தடித்தது. மூணாவதில் பூரணம் வெளியே வந்துவிட்டது. ‘இவ்வளவு கஷ்டமாம்மா?’ என்றேன். ‘கஷ்டம்னு யாரும் கேட்டதில்லையேப்பா’ என்றார், சாதாரணமாக. குத்திக்காட்டுகிற குரலே இல்லை. அதுதான் குத்தியது.

இப்படி நாலு கொழுக்கட்டை பிடித்ததால் என் கணக்கு நேராகிவிடுமா? ஆகாது. நாற்பது வருஷத்துப் பற்று அது. எந்த ஐந்தொகையிலும் சமப்படாது. ஆனால் கடன் இருக்கிறது என்று எழுதி வைக்கிறவனுக்கும், கடனே இல்லை என்கிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. முன்னவனிடம், ‘இந்த வருஷம் முடியல’ என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்று ராத்திரி உங்கள் தட்டில் என்ன விழுந்தாலும், வாயில் வைப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அதன் பேர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது எப்படி வந்தது என்பது தெரியுமா? முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் சொல்ல முடிந்தால், சாப்பிடுங்கள். முடியாவிட்டால், நீங்களும் நானும் இன்னும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறோம், வாயில் அத்திரிபாச்சாவோடு.

சொல்ல மறந்துவிட்டேன். ஆவியிலிருந்து இறக்கியதும் அம்மா முதல் கொழுக்கட்டையை என் பக்கம் நீட்டினார். ‘நீ சாப்பிடும்மா’ என்றேன். தயங்கினார். பிறகு நான் பிடித்த, வாய் பிளந்த ஒன்றை எடுத்து, மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

‘இதுதான்டா அசல் மண்டு.’

சொல்லிவிட்டு, சூடாறுவதற்குள் சாப்பிட்டார்.